மண்ணைப் படிக்க ஒரு பட்டமா?



தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால் பங்கு இல்லத்துத் திண்ணையில் கூட்டம் சேர்ந்துவிடும். பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்டு வருவோரே பலர். அண்மையில் ஒரு தாயார் தம் மகளை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "சாமி, இவளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் செராமிக் தொழில்நுட்பம் கிடைக்கும் போலிருக்கிறது. பானை சட்டி செய்யக் கல்லூரிக்குப் போக வேண்டுமா என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள். நீங்கள்தாம் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றார். மகள் தலை கவிழ்ந்து நின்றாள்.

உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் பணியாற்றியபோது, மண்பாண்டத் தொழில் செய்துவந்த ஒருவரின் மகன் இதே கேள்வியோடு வந்தான். அவனுக்கு அப்படிப்பில் தீராத ஆவல். தந்தையோ, "இந்த மண் என்னோடு போகட்டும், சாமி" என்றார். நாமும் தந்தையின் பக்கமே சாய்ந்தோம். "மேலே வரவேண்டிய நீ, மீண்டும் மண்ணிலேயே கால் வைப்பானேன்?" என்று அறிவுரை கூறினோம். அவன் மறுமொழி பேசாமல் வேறொரு படிப்பில் சேர்ந்தான், பாதியில் விட்டும்விட்டான். இறைவாக்கினர் எரேமியா குயவன் வீட்டுக்கு அனுப்பப்பட்டதைப் பன்முறை மறையுரையில் விளக்கிய நாம், நம் முன் நின்ற குயவன் மகனின் சொல்லுக்குச் செவிசாய்க்கவில்லை.

ஆகவே இம்முறை இரண்டு நாள் தவணை கேட்டோம். அத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பங்கு அன்பர் ஒருவரை அணுகினோம். சில நூல்களையும் புரட்டினோம்.

இக்கல்வி, மண்ணும் கனிமங்களும் நெருப்பினால் அடையும் மாற்றத்தை ஆராய்வது. காய்ந்த பச்சைப் பானையை நீரிலிட்டால் மீண்டும் சேறாகிவிடும். சூளையில் வெப்பம் 500, 600 பாகை செல்சியஸ் என்று ஏறும்போது, களிமண்ணின் அணுக்கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. அதன்பின் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது சேறாவதில்லை. மண்ணோடு கலந்துள்ள குவார்ட்சு மணல் 573 பாகையில் சட்டெனப் பருமன் மாறும் இயல்புடையது. விரைந்து குளிரவிட்டால் பாண்டம் விரிசல் காணும். குயவர் சூளையை அவசரப்பட்டுப் பிரிக்காமல் மெல்ல ஆறவிடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. கைப்பழக்கத்தால் அவர் கண்ட உண்மையை, மாணவர் வேதியியலின் துணையால் காண்கிறார்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஆர்ட்டன் என்பார் 1894ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனித்துறை தொடங்கினார். நம் நாட்டில் காசி இந்துப் பல்கலைக்கழகம் 1924இல் இதனைக் கற்பிக்கத் தொடங்கியது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் இப்பட்டப்படிப்பு உண்டு. வனைதலையும் மெருகிடுதலையும் கலையாகப் பயில விரும்புவோர் நாடவேண்டியது கவின்கலைக் கல்லூரி. அது வேறு வழி.

இப்படிப்பின் பயன் பானையோடு முடிவதில்லை. இரும்பை உருக்கும் உலையின் உட்சுவர், மின்கம்பத்து வெள்ளைப் பீங்கான், மோட்டார் வண்டியின் ஸ்பார்க் பிளக், சிமெண்ட், கண்ணாடி ஆகிய அனைத்தும் இதன் எல்லைக்குள் அடங்கும். மனித எலும்போடு பிணைந்துகொள்ளும் கண்ணாடியை 1969இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் லாரி ஹென்ச் உருவாக்கினார். அதுவரை அறிந்ததினும் உயர்ந்த வெப்பநிலையில் தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருளை 1986இல் பெட்நோர்ட்ஸ், முல்லர் என்ற இருவர் கண்டுபிடித்து, மறு ஆண்டே நோபல் பரிசு பெற்றனர். அப்பொருளும் ஒரு செராமிக்கே!

இனிப்பை மட்டும் கூறிக் கசப்பை மறைத்தல் முறையன்று. இத்துறையில் வேலை வீட்டுவாசலில் வந்து நிற்பதில்லை. ஓடு, பீங்கான் ஆலைகள் மிகுந்த குஜராத்தின் மோர்பி போன்ற தொலைவான இடங்களுக்குச் செல்ல நேரலாம். உலையருகே வெப்பம் உண்டு. மணல் தூசியிலிருந்து நுரையீரலைக் காத்துக்கொள்ளவும் வேண்டும். வேறெதுவும் கிடைக்கவில்லையே என்று மட்டும் இதில் சேருகிறவர் நான்கு ஆண்டுகளையும் சுமையாகவே கழிப்பார்.

இவற்றையெல்லாம் தாயாரிடம் எடுத்துரைத்தபின் மகளை நோக்கி, "உனக்கு எதில் விருப்பம், அம்மா?" என்று கேட்டோம். "வேதியியல்தான் சாமி எனக்குப் பிடித்த பாடம். இதையே படிக்கிறேன்" என்றாள். இம்முறை அவள் தலை நிமிர்ந்திருந்தது. தாயாரின் கலக்கம் முற்றும் நீங்கிற்று என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் விருப்பப் பட்டியலில் அப்படிப்பை முதலாவதாக எழுதச் சம்மதித்தார்.

அன்று மாலையே, பழைய பங்கில் விசாரித்து, அந்தக் குயவர் மகனின் முகவரியைப் பெற்று, மன்னிப்பு வேண்டி ஒரு மடல் எழுதினோம். இன்று அவருக்கு நாற்பது வயதை ஒட்டியிருக்கும். விடை இன்னும் வரவில்லை. வராமற்போனாலும் குறை கூற நமக்கு உரிமையில்லை.

பெற்றோரே, நாம் அறியாத படிப்பெல்லாம் அற்பப் படிப்பு ஆகிவிடாது. முதலில் பிள்ளையைக் கேளுங்கள். அடுத்து அத்துறை அறிந்தவரைக் கேளுங்கள். அதன்பின் உங்கள் கருத்தைக் கூறுங்கள். பச்சை மண்ணை எத்தனை முறையும் பிசைந்து திருத்தலாம். சூளையேறி வந்தபின் அவ்வாய்ப்பு இல்லை.