வண்டியை எண்ணுக; ஆளை எழுதற்க

காலை வேளையில் பொத்தேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் அகப்பட்டுக் கொண்டவர்களுக்கு வாகன நெரிசலின் கஷ்டத்தை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அது சாஸ்திர ஆராய்ச்சிக்குரிய விஷயமே. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 22 கார்களை வட்டமாக ஓட்டிப் பார்த்து, அதன் முடிவை 2008-ல் வெளியிட்டனர்; குறுக்கே தடை எதுவுமின்றியே நெரிசல் உண்டாகிப் பின்னோக்கிப் பரவிற்று. இத்தகைய ஆராய்ச்சி பொத்தேரியின் பொறியியல் மாணவர்களுக்கு வாசலிலேயே காத்திருக்கிறது. நடக்கட்டும்.

ஆனால் அதற்கு வேண்டியது வண்டிகளின் தொகையும் வேகமும். உள்ளே இருப்பவர் யார் என்பதன்று. 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டாக், எந்த வண்டி எந்த நிமிஷத்தில் பரனூர்ச் சாவடியைக் கடந்தது என்பதையும் பதிந்து விடுகிறது. செங்கற்பட்டில் ஒரு கண்டனக் கூட்டத்திற்குக் காரில் போய்த் திரும்புகிறவரைப் பின்தொடர இனி ஒற்றன் எதற்கு? பெயரை நீக்கி விட்டோம் என்பது சமாதானமாகாது. 15 லட்சம் பேரின் கைப்பேசிப் பதிவுகளை வைத்து நடந்த ஆராய்ச்சியொன்று 2013-ல் வெளிவந்தது. ஒருவர் இருந்த இடமும் நேரமும் நான்கு முறை தெரிந்தாலே, 100-க்கு 95 பேரைத் தனியே பிரித்தறிய முடிந்ததாம்!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ம் வருஷத்துச் சட்டமோ, பந்தோபஸ்து, பொது அமைதி ஆகியவற்றின் பேரால் சர்க்கார் தன் ஸ்தாபனங்களுக்கு விலக்களித்துக் கொள்ள இடம் வைத்திருக்கிறது. வக்கீல்கள் இவ்விடத்தை ஊன்றிப் படிக்க வேண்டும்.

கட்டணமும் வழக்கும் தீர்ந்ததும் வண்டியின் நம்பர் அழிக்கப்பட வேண்டும். ஆராய்ச்சியாளருக்கு எண்ணிக்கை மட்டுமே போகட்டும். பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதைச் சாவடியிலேயே தமிழில் எழுதி மாட்டுமாறு சர்க்காரைக் கேட்கிறோம்.