பரிவுக்கு நேரம் வேண்டும்

பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ், கித்வாய் மருத்துவமனைகளுக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட உழைக்கும் மக்களும் நம்பிக்கையோடு வந்து சேர்கின்றனர். கன்னடம் அறியாத மூதாட்டியிடம், தமக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களில் ‘வலிக்கிறதா அம்மா?’ என்று கேட்கும் செவிலியர், மருந்துக்கு நிகரான ஆறுதலைத் தருகிறார்.

பரிவு என்பது முகமலர்ச்சி மட்டுமன்று. அசைய இயலாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும் பரிவே. தவறினால் படுக்கைப்புண் வரும். ஊசி எதற்கென்று சொல்லிப் போடுவதும், உடை மாற்றும்போது திரையை இழுத்து மூடுவதும் பரிவே. இவை யாவும் நேரத்தைக் கோருபவை.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒருவர், பிற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். எட்டு மணி நேரப் பணிமுறையில் 5 பேரைக் கவனிப்பவர் ஒவ்வொருவருக்கும் 96 நிமிடம் ஒதுக்கலாம். 30 பேரைக் கவனிக்க நேர்ந்தால் 16 நிமிடம். மருந்து, ஊசி, பதிவேடு எல்லாம் அதற்குள். ‘எரிந்து விழுகிறார்’ என்ற புகாரின் வேர் பெரும்பாலும் செவிலியரின் குணத்தில் இல்லை. ஆள் பற்றாக்குறையில் இருக்கிறது.

செவிலி என்பது சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயைக் குறித்த சொல். அழகிய சொல்தான். ஆனால் தாய்மைக்கு ஊதியம் எதற்கு என்று கருதும் நிர்வாகங்களுக்கு அதுவே வசதியாகவும் போயிற்று.

உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜனவரி உத்தரவின்படி ஒன்றிய அரசு அமைத்த குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசு செவிலியருக்கு இணையான ஊதியம் தரவேண்டும் என்றது. 50 படுக்கைகளுக்குக் குறைந்தவற்றிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றது. ஒன்றிய அரசோ பரிந்துரையை மாநிலங்களுக்கு அனுப்பியதோடு கைகழுவிவிட்டது. கேரளத்தில் செவிலியர் போராடினர். 2018 ஏப்ரலில் இடது ஜனநாயக முன்னணி அரசு 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலோ, 2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட அரசு செவிலியர் 2017 நவம்பரில் பணிநிரந்தரம் கோரிச் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் திரள வேண்டியிருந்தது.

கர்நாடக அரசு குழுவின் ஊதிய விகிதத்தைச் சட்டமாக்க வேண்டும். ஒவ்வொரு வார்டின் வாயிலிலும், அந்தப் பணிமுறையில் நோயாளிகள் எத்தனை பேர், செவிலியர் எத்தனை பேர் என எழுதி வைக்க ஆணையிட வேண்டும். இக்கோரிக்கைகளின் பின்னால் நோயாளிகளின் குடும்பங்களையும் செவிலியர் சங்கங்களையும் ஒருசேரத் திரட்டுவது பெங்களூரு நகரக் கிளைத் தோழர்களின் உடனடிப் பணியாகும்.