ஏரவாடா சொல்லும் பாடம்

புது தில்லி: பத்திரிகையில் எழுதியதற்காக 1922-இல் காந்தியடிகளை அடைத்துவைத்த சிறை, புணேயின் ஏரவாடா. 2007-இல் அங்கு பெங்களூரு மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஏறத்தாழ 50 நாள்கள் அடைபட்டார். ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தினார் என்பது புகார். உண்மையில் அவர் எதையும் எழுதவில்லை. காவல்துறைக்குக் கிடைத்த ஐ.பி. முகவரி விவரமே தவறு.

முகம் மறைத்து எழுதுவோருக்குத் துணிவு, படிப்போருக்கு ஆத்திரம், காவல்துறைக்கு அவசரம். மூன்றும் சேர்ந்தால் நிரபராதியே பலியாகிறார்.

பின்னர் வந்த 66-ஏ சட்டப்பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகும் அப்பிரிவில் வழக்குகள் பதிவாவது குறித்து 2021-இல் அதிர்ச்சி தெரிவித்தது. ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது, ஆத்திரம் அடங்கவில்லை. இணையத்துக்குக் கடிவாளம் தேடும் நாடாளுமன்றம், கைதுக்கு முன் ஆதாரத்தைச் சரிபார்ப்பதையும், தவறினால் இழப்பீடு வழங்குவதையும் சட்டக் கடமையாக்க வேண்டும்.