வற்றக்கூடாத ஊற்று



எச்சில் என்று நாம் இகழும் உமிழ்நீர், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் சுரக்கிறது. காதின் முன்னும், கீழ்த்தாடையின் அடியிலும், நாவின் கீழும் அமைந்த மூன்று இணைச் சுரப்பிகளே இதன் முதன்மையான ஊற்றுகள். காதருகுச் சுரப்பியின் நாளத்தை, 1660-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆட்டுத்தலையொன்றை ஆய்ந்து கண்டறிந்தவர் நீல்ஸ் ஸ்டென்சன். பின்னாளில் ஆயரான இவர், 1988-இல் முத்திப்பேறு பெற்றவரென அறிவிக்கப்பட்டார்.

உமிழ்நீர் உணவை நனைத்து, மாவுப்பொருளின் செரிமானத்தைத் தொடங்குகிறது. பற்களை அரிக்கும் அமிலத்தைத் தணிக்கிறது. முதியோர் பலருக்கோ, உட்கொள்ளும் மருந்துகளால் இவ்வூற்று வற்றிப்போகிறது. சோற்றைத் தள்ளிவைக்கும் பாட்டியைப் பிடிவாதக்காரி என்று கடிந்துகொள்ளாதீர்கள். வறண்ட வாயால் அவருக்கு விழுங்க இயலாதிருக்கலாம். குழைந்த சோறும் பருகத் தண்ணீரும் கொடுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கூறுங்கள்.