பீப் அடிச்சா போதுமா?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான காரணத்தைச் சொல்லலாம். ஆனா உண்மை வேற. சனி ஞாயிறெல்லாம் சால்டரிங் அயர்னும் கையுமா உக்காந்து ஒரு மில்லி ஓம் மீட்டர் செஞ்சுக்கிட்டு இருந்தேன். ஒரு ஓம்ல ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் அளக்குற மீட்டர். "இதெல்லாம் ஒரு பதிவாடா"ன்னு ஓடிடாதீங்க மக்கா, சர்க்யூட் வகுப்பு எடுக்கப் போறதில்ல. (சரி, கொஞ்சமா எடுப்பேன்.) சொல்ல வந்தது, மல்டிமீட்டர் பீப் அடிச்சா கனெக்ஷன் நல்லா இருக்குன்னு நம்பிடுற நம்ம பழக்கத்தைப் பத்தி. அந்தப் பழக்கத்தால எங்க வீடு எரிஞ்சிருக்கும். நம்பினது வேற யாரும் இல்ல, நான்தான்.

கதை இதுதான். திண்டுக்கல்ல எங்க வீட்டு பாத்ரூம்ல 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் இருக்கு. போன மார்கழியில அதோட பிளக் ஒரு பக்கமா உருகிப் போச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார், புது பிளக் மாட்டினார், மல்டிமீட்டர் வச்சுப் பாத்தார். பீப். "லைன் எல்லாம் சரியா இருக்கு, பழைய பிளக்குதான் கோளாறு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். பொங்கலுக்கு நான் போனப்ப அப்பா என்னையும் ஒரு தடவை பாக்கச் சொன்னார். மெயினை ஆஃப் பண்ணிட்டு நானும் மீட்டரை வச்சேன். பீப். "ஒண்ணுமில்லப்பா"ன்னு சொல்லிட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன்.

மாசியில ஒரு நாள் விடிகாலை அம்மாகிட்ட இருந்து போன். புது பிளக்கும் கருகி, சாக்கெட்ல இருந்து புகை. அம்மா முழிச்சிருந்ததால மெயினை அணைச்சுட்டாங்க. பக்கத்துலயே துண்டு, துணியெல்லாம் தொங்கிட்டு இருந்துச்சாம். அப்பா போனை வாங்கிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏன்டா, நீ கரண்டு படிப்புதானே படிச்ச?"

ஆமா, ஈ.ஈ.ஈ.தான் படிச்சேன். அப்புறம் எல்லாரையும் மாதிரி பொட்டி தட்ட வந்துட்டேன். ரெண்டாவது வருஷத்துல கெல்வின் டபுள் பிரிட்ஜ்னு ஒண்ணு வரும். பெரிய கேள்விக்கு நிச்சயம்னு படம் போட்டு, சமன்பாடு எழுதி, மார்க்கும் வாங்கியாச்சு. லேப்ல சீனியர் ரெக்கார்டைப் பாத்து ரீடிங்கும் எழுதியாச்சு. அது எதுக்கு, ஒரு ஓமை விடக் குறைஞ்ச மின்தடையை அளக்க ஏன் தனியா ஒரு பிரிட்ஜ் வேணும்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

அந்த வாரமே ஊருக்குப் போய் புது சாக்கெட் போட்டுட்டு, கருகின சாக்கெட்டையும் பிளக்கையும் பையில போட்டு சென்னைக்கு எடுத்துட்டு வந்தேன். ரூம்ல வச்சு பிளக்கை சாக்கெட்ல சொருகி, மறுபடி மல்டிமீட்டரை வச்சேன். அப்பவும் பீப் அடிக்குது!

அப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். நம்ம கையில இருக்குற மலிவு மீட்டர்கள்ல பலதும் 30 ஓம், 50 ஓமுக்குக் கீழ எது இருந்தாலும் பீப் அடிக்கும். அந்த ஹீட்டரோட மொத்த மின்தடை எவ்வளவு? 230 வோல்ட், 13 ஆம்பியர், அதனால 18 ஓமுக்குக் கொஞ்சம் கீழ. ஹீட்டர் காயிலையே ஒயர்னு நினைச்சு பீப் அடிக்கிற மீட்டரை வச்சுக்கிட்டு, ரெண்டு பித்தளைத் துண்டு ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு பாத்திருக்கோம்.

சரி, பீப் வேணாம், 200 ஓம் ரேஞ்சுல நம்பரைப் பாக்கலாம்னா அதுலயும் பிரச்சினை. மீட்டரோட ரெண்டு முனையையும் சேத்துப் பிடிச்சாலே 0.4 ஓம் காட்டுது. கொஞ்சம் அழுத்திப் பிடிச்சா 0.3, தளர்த்தினா 0.7. மீட்டர் ஒயரும் நம்ம கை அழுத்தமும் அந்த நம்பர்ல கலந்துடுது. லாரியோட சேத்து எடை மேடையில மோதிரத்தை நிறுக்கிற கதைதான்.

இதுக்கான வழியைத்தான் வில்லியம் தாம்சன் (பின்னாடி லார்ட் கெல்வின் ஆனவர்) 1861லயே சொல்லிட்டார். அட்லாண்டிக் கடலுக்கு அடியில தந்திக் கம்பி போட்ட வேலையில இருந்த ஆளு. 1858ல போட்ட கம்பி சில வாரத்துலயே செத்துப் போச்சு, 1866லதான் நிலையா ஒண்ணு அமைஞ்சது. பாக்க ஒரே மாதிரி இருக்குற செம்புக் கம்பிகள் கரண்டைக் கடத்துறதுல எவ்வளவோ வித்தியாசப்படுதுன்னு அவர் அளந்து பாத்துச் சொன்னவர். சின்ன மின்தடையை ஒழுங்கா அளக்குறது அவருக்கு பரீட்சைக் கேள்வி இல்ல, தொழில்.

வழி ரொம்ப எளிமை. ரெண்டு ஒயர் வழியா தெரிஞ்ச அளவு கரண்டை அனுப்பு. வேற ரெண்டு ஒயரை வச்சு, அளக்க வேண்டிய துண்டுக்குக் குறுக்கே மட்டும் வோல்டேஜைப் பாரு. வோல்ட்மீட்டர் ஒயர்ல கரண்ட் அனேகமா போகாததால, அந்த ஒயரோட மின்தடை கணக்குலயே வராது.

இதுக்கு ரிச்சி தெருவுல ஒரு எல்.எம்.317 வாங்கினேன். அதோட வெளியீட்டுக் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவுல எப்பவும் 1.25 வோல்ட் இருக்குற மாதிரி அது பாத்துக்கும். அங்க 12.5 ஓம் வச்சா 0.1 ஆம்பியர், அதாவது 100 மில்லி ஆம்பியர். 15 ஓமையும் 75 ஓமையும் இணையா வச்சா சரியா 12.5. பவருக்குப் பழைய 5 வோல்ட் போன் சார்ஜர். 100 மில்லி ஆம்பியர்ல ஒரு மில்லி ஓமுக்கு 0.1 மில்லி வோல்ட் வரும். மல்டிமீட்டரோட 200 மில்லி வோல்ட் ரேஞ்சுல கடைசி இலக்கம் அதேதான். மல்டிமீட்டரைத் தவிர மொத்த செலவு 150 ரூபாய்கூட இல்ல.

எடுத்ததும் இவ்வளவு சிம்பிளா செய்யல. பெரிய இன்ஜினியராச்சே! எல்.எம்.358 வச்சு நூறு மடங்கு ஆம்பிளிஃபை பண்ணி, டிஸ்ப்ளே எல்லாம் வைக்கணும்னு திட்டம். மூணு வாரம் போச்சு. ஒண்ணுமே இணைக்காதப்பவே 30 மில்லி ஓம் காட்டுது. அந்தச் சிப்புக்குள்ளயே சில மில்லி வோல்ட் பிழை இருக்கும்னு டேட்டா ஷீட்ல அச்சடிச்சுக் கொடுத்திருக்கான், நான்தான் படிக்கல. 0.1 மில்லி வோல்ட்டைத் தேடுறவன் 3 மில்லி வோல்ட் பொய் சொல்ற ஆளைத் துணைக்குக் கூட்டிட்டுப் போன மாதிரி. ஆம்பிளிஃபையரைத் தூக்கிப் போட்டதும் மீட்டர் வேலை செஞ்சது :-)

அடுத்த தப்பு, வோல்டேஜ் ஒயரை கரண்ட் கிளிப் மேலயே கடிச்சு விட்டது. கிளிப்போட தொடர்பு மின்தடையும் சேந்து வந்துச்சு. கரண்ட் கிளிப் ரெண்டும் வெளிப்பக்கம், வோல்டேஜ் கிளிப் ரெண்டும் உள்பக்கம். இந்த ஒரு வரியை நாலு வருஷப் படிப்புல நான் புரிஞ்சுக்கல, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் புரிஞ்சது.

செஞ்சு முடிச்சதும் நம்பிடலாமா? 1 சதவீத 1 ஓம் ரெசிஸ்டர் வச்சுப் பாத்தேன். 100.0 வரணும், 102.0 வந்துச்சு. 75 ஓமை எடுத்துட்டு 82 வச்சேன், 100.5. போதும். அப்புறம் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 10 மீட்டர். கணக்குப்படி 20 டிகிரியில 115 மில்லி ஓம். சென்னை வெயில்ல செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல ஏறும், அதனால 120 பக்கம் எதிர்பாக்கலாம். மீட்டர் 121 காட்டுச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு நம்பரைப் பாத்து நிஜமா சந்தோஷப்பட்டேன்.

இப்ப கருகின சாக்கெட். பிளக் பின்ல இருந்து சாக்கெட் பின்பக்க ஸ்க்ரூ வரைக்கும். பேஸ் பக்கம் 3 மில்லி ஓம். நியூட்ரல் பக்கம் 180! ஆட்டினா 90க்கும் 250க்கும் நடுவுல குதிக்குது. 180ன்னே வச்சுக்குவோம். 13 ஆம்பியர் ஓடினா அந்த ஒரு புள்ளியில 30 வாட் சூடு. நான் வச்சிருக்குற சால்டரிங் அயர்னே 25 வாட்டுதான். ரெண்டு மாசமா எங்க பாத்ரூம் சுவத்துல ஒரு சால்டரிங் அயர்ன் சொருகி இருந்திருக்கு. சாக்கெட்டுக்குள்ள இருக்குற பித்தளை ஸ்பிரிங் சூட்டுல தளர்ந்துடும், தளர்ந்தா தொடர்பு குறையும், இன்னும் சூடேறும். பிளக்கை மட்டும் மாத்தினா எப்படி நிக்கும்?

"அதான் ரெடிமேட் மீட்டர் கிடைக்குதே, சம்பளம் வாங்குறவன் ஒண்ணு வாங்கிட்டுப் போகலாமே"ன்னு ரூம் மேட் கேட்டான். நியாயம்தான். தொழிலா செய்றவங்க நல்லதா வாங்கத்தான் வேணும். சப்ஸ்டேஷன் பிரேக்கருக்கெல்லாம் 100 ஆம்பியர் விட்டு அளப்பாங்க, அதுல ஆயிரத்துல ஒரு பங்கு விடுற என் டப்பா அங்க செல்லாது. ஆனா எனக்குக் குறைச்சலா இருந்தது மீட்டர் இல்ல. என் கையில ஏற்கனவே ஒரு மீட்டர் இருந்துச்சு, அது என்ன கேள்விக்குப் பதில் சொல்லுதுன்னு எனக்குத் தெரியல. வாங்கியிருந்தா நம்புறதுக்கு இன்னொரு டப்பா சேந்திருக்கும். செஞ்சதால, அது எங்கெல்லாம் பொய் சொல்லும்னு தெரிஞ்சுக்கிட்டேன். டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டுதுன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் பண்ற நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துக்கும் இது பொருந்தும். அந்தப் பச்சை எதைச் சோதிச்சு வந்த பச்சைன்னு எத்தனை பேர் பாக்குறோம்?

சித்திரையில லீவு போட்டு ஊருக்குப் போனேன். மெயினை அணைச்சு வீட்டுல இருக்குற 16 ஆம்பியர் பாயிண்ட் எல்லாத்தையும் அளந்தேன். எல்லாம் அஞ்சுக்குள்ள. சமையலறையில இண்டக்ஷன் அடுப்பு சொருகுற சாக்கெட் மட்டும் 60. வெளிய பாத்தா புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு, பீப்பும் அடிக்குது. அதே எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய சாக்கெட்டைப் பிரிச்சுப் பாத்தார், உள்ள ஸ்பிரிங் நீலம் பாய்ஞ்சிருந்துச்சு. மாத்திட்டு, "இந்த டப்பா எங்க தம்பி கிடைக்கும்?"னு கேட்டார். "நானே செஞ்சதுண்ணே, உங்களுக்கும் ஒண்ணு செஞ்சு தரேன்"னேன். அப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா பக்கத்து வீட்டு மாமாகிட்ட "பையன் ஈ.ஈ.ஈ."ன்னு சொல்லிட்டு இருந்தது காதுல விழுந்துச்சு.

அண்ணனுக்கான டப்பா இந்த சனிக்கிழமை. உங்க பக்கத்துல யாராவது இப்படி ஏதாவது செஞ்சு பாத்து சொதப்பியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, சொதப்பல் கதைகளுக்குத்தான் முன்னுரிமை.

பி.கு: இந்த மீட்டரை கரண்ட் இருக்குற எதுலயும் வைக்கக் கூடாது. மெயினை அணைச்சு, டெஸ்டர் வச்சு உறுதி பண்ணிட்டுத்தான் தொடணும். மீட்டர் செய்ற எண்ணம் இல்லாதவங்க, ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினதும் ஸ்விட்சை அணைச்சுட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடோ, பின் பக்கத்துல பழுப்பு நிறமோ இருந்தா, பிளக்கோட சாக்கெட்டையும் சேத்து மாத்துங்க.