கொள்ளுப்பேத்திக்கு ஒரு சுங்கடி



வளைகாப்புக்கும் பெயர் சூட்டு விழாவுக்கும் கிளம்பும்போது என்ன வாங்கிக்கொண்டு போவது என்ற கேள்வி எல்லோர் வீட்டிலும் எழுகிறது. கொசுவலைக் குடை, குட்டி மெத்தை, குட்டித் தலையணை என்று கடைகளில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே மாதிரிப் பெட்டி நான்கு ஒரே வீட்டுக்கு வந்து சேர்வதும் நடக்கிறது. உங்கள் உறவில் ஒரு குழந்தை வரப் போகிறதென்றால், இந்த முறை கடைக்குப் போகாதீர்கள். பீரோவின் மேல்தட்டில் மடித்து வைத்த பழைய நூல் சேலையை எடுங்கள். அதை நான்காக மடித்து, கையாலேயே தைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பழையதையா கொடுப்பது என்று தயங்க வேண்டாம். பச்சைக் குழந்தைக்குப் பழந்துணி என்பது நம் பாட்டிமார் வைத்த வழக்கம். பெயர் வைக்கும் நாள் வரை புதுத்துணி போடாத வீடுகள் இன்றும் இருக்கின்றன. பல வருடம் துவைத்து, கஞ்சியும் விறைப்பும் போன பருத்தியைவிட அந்த மேனிக்கு இதமான துணி வேறு கிடையாது. கண்ணேறு பற்றிய பயமும் இதற்குள் இருந்தது. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்த பிள்ளைக்குக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயர் வைக்கச் செய்த அதே பயம்தான். சீனத்திலும் நூறு வீடுகளில் துண்டுத்துணி கேட்டு வாங்கி, பிறந்த குழந்தைக்கு உடுப்பும் போர்வையும் தைக்கும் பழக்கம் இருந்திருக்கிறது. ஊரார் எல்லோருடைய வாழ்த்தும் சேர்ந்து அந்தப் பிள்ளையைக் காக்கட்டும் என்பது எண்ணம்.

என் அண்ணன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது எங்கள் அம்மாவின் மதுரைச் சுங்கடி ஒன்றை எடுத்தேன். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. அம்மா கட்டிக் கட்டி அரக்கு நிறம் மாம்பழச் சிவப்புக்கு இறங்கியிருந்தது. சுங்கடியில் ஒவ்வொரு புள்ளியும் துணியைக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கி முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பதால் விழுவது. மதுரையின் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது. கையால் இட்ட முடிச்சு என்பதால் எந்தப் புள்ளியும் அடுத்த புள்ளியை அச்சாக ஒத்திருக்காது. ஆனால் வரிசை தவறாது. தைக்க உட்கார்ந்தபோது அந்த வரிசையே எனக்கு வழிகாட்டியது. சாக்பீஸால் கோடு போட வேண்டியிருக்கவில்லை. புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஊசியை ஓட்டிக்கொண்டே போகலாம். வெள்ளை நூல் வெள்ளைப் புள்ளிக்குள் இறங்கி மறைந்து, சிவப்பில் மட்டும் தலைகாட்டும்.

குழந்தையைப் பார்க்கப் போனபோது விரித்துக் காட்டினேன். "இது அப்பத்தா பொங்கலுக்குக் கட்டுற சேலைதானே அத்தை?" என்று கேட்டு, முந்தியைத் தேடி எடுத்து முகர்ந்து பார்த்தாள் என் அண்ணன் மகள். அம்மா காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. கொள்ளுப்பேத்தியை அவர் மடியில் போட்டுப் பார்க்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் சேலையிலாவது கிடத்திவிட்டோம்.

இப்படிப் பழந்துணியை அடுக்கித் தைப்பதில் நம் நாட்டில் சில ஊர்கள் பெயர் பெற்றவை. வங்காளத்தின் காந்தாவில் பஞ்சு அடைப்பது இல்லை. தேய்ந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நெருக்கமான ஓட்டுத்தையலால் இணைக்கிறார்கள். தைக்கும் நூலைக்கூட அந்தக் காலத்தில் பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவி எடுத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கென்று அங்கே தனியாகச் சின்னக் காந்தா உண்டு. பீகாரின் சுஜனி இன்னும் ஒரு படி மேலே போய், குழந்தை பிறப்புக்காகவே ஏற்பட்டது. கந்தல் துணிகளுக்கென்று ஒரு தாய்த்தெய்வத்தை நினைத்து அதைத் தைத்திருக்கிறார்கள். முசாபர்பூர் மாவட்டத்துப் புசுரா கிராமத்தில் இந்தக் கலையை மங்கவிடாமல் பெண்களைச் சேர்த்து வளர்த்த நிர்மலா தேவிக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தி படித்த அன்று எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கந்தலைத் தைத்த கைக்கு அரசு மரியாதை செய்வது அடிக்கடி நடக்கிற காரியமா?

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னடக் காடுகளில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். போர்ச்சுகீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, தப்பிக் காட்டுக்குள் போனவர்கள் அவர்களின் முன்னோர். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். கையில் கிடைக்கும் துண்டுத்துணி எந்த நிறமோ அதுவே அடுத்த இடத்தில் ஏறும். எல்லாம் முடிந்தபின் நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சின்னத் துணியை வைத்துத் தைப்பார்கள். அதைப் பூ என்கிறார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறதாம். யாருக்கும் எந்தப் பயனும் தராத நான்கு துண்டுத் துணி இல்லாமல் வேலை முடியாது என்று நினைக்கிற அந்த மனசுக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன்.

சரி, தைக்கும் முறைக்கு வருவோம். ஐந்தரை மீட்டர் சேலையை இரண்டு முறை மடித்தால் ஏறத்தாழ 54 அங்குல நீளமும் 45 அங்குல அகலமும் கொண்ட நான்கு அடுக்கு கிடைக்கும். குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை அந்த அளவு போதும். குதிகால் உரசி நைந்த கீழ்க்கரைப் பக்கத்தை உள்மடிப்புக்குத் தள்ளுங்கள். அல்லது மேலும் கீழும் சேலை வைத்து நடுவில் தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டியை வையுங்கள். ஜரிகை, செயற்கை இழை இரண்டும் வேண்டாம். ஜரிகை குத்தும், செயற்கை இழை வியர்வையை இழுக்காது. சாயம் போகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். நனைத்த வெள்ளைத் துணியால் சேலையை அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். குழந்தை எல்லாவற்றையும் வாயில் வைக்கும் என்பதால் இதில் சலுகை கூடாது.

அடுக்குகளைத் தரையில் விரித்துச் சுருக்கம் நீவி, பெரிய பெரிய தையலாகக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி அசையாமல் நிறுத்துங்கள். பிறகு விரல் அகல இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத்தையல். முடிச்சை அடுக்குகளுக்கு நடுவில் இழுத்து ஒளித்துவிட வேண்டும், பிஞ்சு முதுகில் உறுத்தும். பொத்தான், மணி, சமிக்கி எதுவும் வேண்டாம். வீட்டில் உள்ள எல்லோரையும் ஆளுக்கொரு வரிசை தைக்கச் சொல்லுங்கள், தாத்தாவையும் சித்தப்பாவையும் சேர்த்துத்தான். தையல் கோணினால் கோணட்டும். எது யார் கை என்று பிற்பாடு தேடிப் பார்க்க ஒரு அடையாளம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வையோ தலையணையோ பக்கத்தில் இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முகத்தில் ஏறி மூச்சை அடைத்துவிடும் ஆபத்து உண்டு. எனவே முதல் வருடம் இதைப் பாயின் மேல் விரித்து, குழந்தை விழித்திருந்து விளையாடும் நேரத்தில், நம் கண் முன்னால் கிடத்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போர்த்துவது அதற்குப் பிறகு. நனைத்தால் அலசிப் போடலாம், பஞ்சு இல்லாததால் நம் ஊர் வெயிலில் ஒரே பகலில் காய்ந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முக்கால் அங்குல இடைவெளியில் 72 வரிசை. வரிசைக்கு 45 அங்குலம் என்றால் நூல் மட்டும் 80 மீட்டருக்கு மேல் போகும். அங்குலத்துக்கு ஆறு தையல் என்றாலும் மொத்தம் இருபதாயிரத்தை நெருங்கும். கண்காட்சிகளில் கைத்தையல் காந்தாவின் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இந்த இருபதாயிரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தைத்த பெண்ணிடம் பேரம் பேசுவது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

தெருவில் பழைய துணிக்குப் பிளாஸ்டிக் குடம் தருபவர் அடுத்த முறை குரல் கொடுக்கும்போது, நூல் சேலைகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். தைத்து முடித்ததும் ஒரு மூலையில் குழந்தையின் பெயரையும் சேலை யாருடையது என்பதையும் நூலால் எழுதிவிடுங்கள். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளை கேட்கும்போது பதில் சொல்ல நாம் இருப்போமோ என்னவோ. பிறகு ஒரு படம் எடுத்து நமக்கு அனுப்புங்கள், கூடவே அந்தச் சேலையைக் கட்டியவரைப் பற்றி நான்கு வரியும். வருகிற பொங்கல் இதழில் அவற்றுக்கென்று பக்கங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்