இ.எம்.ஐ கட்டிக்கிட்டே இருக்கோம்... அசல் ஏன் குறையவே மாட்டேங்குது? வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கான கணக்கு!

மாதத்தின் 5-ம் தேதி காலை. வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்பே செல்போனில் எஸ்.எம்.எஸ் வந்துவிடுகிறது. சம்பளம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதில் பெரும்பகுதி வீட்டுக் கடனுக்குப் போய்விட்டது. `வாடகை கொடுத்தா மட்டும் மிஞ்சவா போகுது? இது நம்ம வீடு' என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பவர்களே அதிகம்.

என்றாவது ஒருநாள் கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்க்கும்போதுதான் தூக்கிவாரிப்போடுகிறது. வருடக்கணக்கில் கட்டியும் அசல் பெரிதாக அசையவில்லை. 20 வருடம் என்று கையெழுத்துப் போட்ட கடன், சிலருக்கு 25 வருடத்தைத் தாண்டி நீண்டிருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. கணக்கே அப்படித்தான் ஓடுகிறது. அதைப் புரிந்துகொண்டால் லட்சக்கணக்கில் மிச்சம் பிடிக்கலாம்.

முதல் வருடம் யாருக்கு?

ஒரு குடும்பம் 30 லட்சம் ரூபாய் கடனை 8.5% வட்டியில், 20 வருடத்துக்கு வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முதல் மாதம் இதில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,785 ரூபாய்தான்.

முதல் வருடத்தில் மொத்தம் 3.12 லட்சம் ரூபாய் கட்டியிருப்பார்கள். அசலில் குறைந்திருப்பது சுமார் 60,000 ரூபாய். 20 வருடமும் இப்படியே கட்டினால், 30 லட்சத்துக்கு வட்டி மட்டும் சுமார் 32.5 லட்சம் ரூபாய்! அதாவது, ஒரு வீட்டை வாங்க இரண்டு வீட்டின் விலை.

தவணை மாறவில்லை... கடன் நீண்டுவிட்டது!

பெரும்பாலான வீட்டுக் கடன்கள் மாறும் வட்டியில் கொடுக்கப்படுபவை. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. ரிசர்வ் வங்கி ரெப்போவை ஏற்றினால் உங்கள் வட்டியும் ஏறும், இறக்கினால் இறங்கும்.

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை, ரெப்போ 4 சதவிகிதத்திலிருந்து 6.5 சதவிகிதத்துக்கு ஏறியது. அந்த நேரத்தில் பல வங்கிகள் தவணையைக் கூட்டாமல் கடன் காலத்தை நீட்டின. மாதாமாதம் கழியும் தொகை மாறாததால், பலர் அதைக் கவனிக்கவே இல்லை.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 2022 ஏப்ரலில் 7% வட்டியில், 30 லட்சம் ரூபாயை 20 வருடக் கடனாக வாங்கியவருக்குத் தவணை சுமார் 23,259 ரூபாய். அடுத்த பிப்ரவரிக்குள் வட்டி 9.5% ஆகி, அசல் பாக்கி 29.74 லட்சம் என்று நின்றால், ஒரு மாத வட்டியே 23,544 ரூபாய். கட்டும் தவணை வட்டிக்கே பத்தாது, அசல் குறைவதற்குப் பதிலாகக் கூடும்!

இதைத் தடுக்கத்தான் 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி விதிமுறை கொண்டுவந்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று முடிவு செய்யும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். அதுவரை கட்டிய அசல், வட்டி, மீதமுள்ள தவணைகள் ஆகிய விவரங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை எளிமையாகத் தெரிவிக்க வேண்டும். ஆக, கேட்பது உங்கள் உரிமை.

வட்டி குறையும்போது அவசரப்படாதீர்கள்

2025-ல் காற்று மாறியது. பிப்ரவரியில் 6.5 சதவிகிதமாக இருந்த ரெப்போ, படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25 சதவிகிதத்துக்கு வந்தது. வட்டி குறைந்தால், `தவணையைக் குறைச்சுக் கொடுங்க' என்று கேட்கத் தோன்றும். கையிருப்பு இறுக்கமாக இருந்தால் அதில் தவறில்லை. சமாளிக்க முடிகிறது என்றால், பழைய தவணையையே தொடர்வது லாபம்.

மேலே சொன்ன 30 லட்சம் ரூபாய் கடனில் வட்டி 8.5-லிருந்து 7.5 சதவிகிதமாகக் குறைந்தால், 20 வருடத்துக்குப் புதிய தவணை 24,168 ரூபாய். மாதம் 1,867 ரூபாய் மிச்சம். ஆனால், பழைய 26,035 ரூபாயையே கட்டினால், கடன் சுமார் 17 வருடத்தில் முடிந்துவிடும். மொத்தத்தில் கிட்டத்தட்ட 4.8 லட்சம் ரூபாய் மிச்சம்!

2019-க்கு முன் வாங்கிய கடன் என்றால், அது இன்னும் பழைய வட்டி முறையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். ரெப்போ முறைக்கு மாற வங்கியில் கேட்கலாம். வீட்டு வசதிக் கடன் நிறுவனங்களில் வாங்கியவர்கள், புதிய வாடிக்கையாளருக்கு என்ன வட்டி தருகிறார்கள் என்று விசாரித்து, அதற்கு மாற்றித் தரச் சொல்லலாம். மாற்றுவதற்கான கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாக...

போனஸோ, சீட்டுப் பணமோ வந்தால் அதில் ஒரு தவணை அளவுக்காவது அசலில் கட்டலாம். அதே 8.5% கடனில், வருடம் ஒருமுறை 26,035 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், கடன் 3 வருடத்துக்கும் மேல் சீக்கிரமாக முடியும். வட்டியில் சுமார் 6 லட்சம் ரூபாய் மிச்சமாகும். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. `இதை அசலில் கழித்து, காலத்தைக் குறையுங்கள்' என்று எழுத்தில் கொடுப்பது நல்லது.

ஆனால், கையில் இருக்கும் மொத்தத்தையும் கொண்டுபோய்க் கட்டிவிடக் கூடாது. கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் இருந்தால் அவற்றை முதலில் முடியுங்கள். அவற்றின் வட்டி அதிகம். 6 மாதத் தவணையும் வீட்டுச் செலவும் தனியே இருப்பு இருக்கட்டும்.

தவணையோடு முடிவதில்லை வீட்டுச் செலவு

வாடகை வீட்டில் மோட்டார் ரிப்பேர் ஆனால், ஹவுஸ் ஓனருக்கு போன் போடலாம். சொந்த வீட்டில் அந்த போன் நமக்கேதான் வரும். சொத்து வரி, தண்ணீர் வரி, அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ், சம்ப் சுத்தம், மொட்டைமாடி ஒழுகல், சில வருடங்களுக்கு ஒருமுறை பெயின்ட் என வரிசை கட்டி நிற்கும். இவற்றுக்கென்று மாதாமாதம் ஆர்.டி-யில் ஒரு தொகையைப் போட்டுவந்தால், ஸ்கூல் ஃபீஸ் கட்டும் ஜூன் மாதத்தில் கைமாற்று வாங்க வேண்டியிருக்காது.

கடன் தொகைக்கு ஈடாக டேர்ம் இன்ஷூரன்ஸும் அவசியம். சம்பாதிப்பவருக்கு ஏதாவது ஆனால், கடன் குடும்பத்தின் தலையில் விழக் கூடாது.

ஒரு மாதம் கட்ட முடியாவிட்டால்?

வேலை போகலாம், ஆஸ்பத்திரிச் செலவு வரலாம். அப்போது வங்கியின் போனை எடுக்காமல் தவிர்ப்பதுதான் பெரிய தவறு. தவணை திரும்பினால் கட்டணம் விழும், சிபில் ஸ்கோர் அடிபடும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். அதன் பிறகு, சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். முதல் தவணை தவறும் முன்பே நேரில் போய்ப் பேசுங்கள். காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க வழி இருக்கலாம்.

வங்கியில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாளாகியும் தீர்வு கிடைக்கவில்லை என்றால், ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

கடைசித் தவணைக்குப் பிறகும் வேலை இருக்கிறது

கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 2023 டிசம்பர் முதல் அமலில் இருக்கும் விதி. பத்திரம் கைக்கு வந்ததும் பலர் நிம்மதியாக பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிய வேண்டும். இல்லையென்றால், வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். பின்னாளில் பிள்ளைகள் வீட்டை விற்கவோ, மாற்றி எழுதவோ போகும்போது சிக்கலாகும்.

அந்த நாள் வருவதற்கு இன்னும் பல வருடம் இருக்கலாம். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வங்கியின் ஆப்பைத் திறந்து இன்றைய வட்டி எவ்வளவு, அசல் பாக்கி எவ்வளவு, இன்னும் எத்தனை மாதம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கணவரும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பாருங்கள். கடன் இருவர் தலையிலும்தான் இருக்கிறது. கணக்கும் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்!